ஈரத்தில் பார்த்த சிவப்பு

மச்சான்,

அச்சான தெய்வங்கள், அச்சாகாத தெய்வங்கள் எல்லாவற்றின் மேலும் ஆணையாக, ஒருவரும் நம்பப்போகாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன். மறுத்துப் பேச நீங்களும் இல்லை. எனக்கு அது வசதி.

இன்று காலை திருத்தங்கல் அச்சகத்தில் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைத் தொட்டேன். கட்டைவிரலில் சிவப்பு ஒட்டியது. அந்த மை வாசனை என்னை அப்படியே தூக்கி, நயா பைசா புதிதாக வந்த காலத்தில், சிவகாசியில் நாம் வேலை பார்த்த அச்சாபீசில் இறக்கிவிட்டது.

நீங்கள் மெஷின்மேன். நான் தாள் கொடுப்பவன், உங்கள் மனைவிக்குத் தம்பி. காலண்டர் சீசனில் தூக்கத்தை விரட்ட மருந்துக் கடையில் வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வீர்கள். போட்டால் உங்கள் தூக்கம் கொழும்புக்குக் கப்பலேறிவிடும். நீங்கள் அடித்த வேகத்தில் அடுத்த வருஷத்துத் தீபாவளி இந்த வருஷமே வந்து வாசலில் நின்றது. பிறகு சீசன் முடிந்தும் மாத்திரை முடியவில்லை. உடம்பு கரைந்தது. ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே விழுந்தீர்கள். அக்கா அழுதாள். மாத்திரையை விட்டீர்கள்.

“இன்னொரு தடவை அதத் தொட்டீருன்னா வாசலோட சரி” என்று சொல்லித்தான் முதலாளி திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

விட்டபின் வந்தது வேறு கூத்து. மனசு சோர்ந்த நாளில் உலகமே வெளுத்துத் தெரிய, நீங்கள் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். காலண்டர் லட்சுமி, சாத்தூர் வெயிலில் நடந்து வந்தவள் மாதிரி ஆனாள். அந்தக் காலண்டரைப் பார்த்து விருதுநகர் பஸ் பிரேக் போட்டு நின்றது. மனசு துள்ளும் நாளில் மையைக் குறைப்பீர்கள்.

“என்ன மச்சான், முருகன் மயில விட்டுட்டு வெள்ளைக் கோழி மேல உக்காந்திருக்காரு?”

“ஏலே, எனக்கு எல்லாம் பளபளன்னுதாம்ல தெரியுது. நான் என்ன செய்ய?”

ஈர மை மினுங்கும். காய்ந்தால்தான் உண்மை நிறம். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மாதிரித் தாளைக் கொடியில் தொங்கவிட்டு, சாப்பிட்டு வந்து பார்ப்பது. மதிய வெளிச்சத்தில் தெய்வங்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். தாள் காய்வதற்குள் உங்கள் மனசும் ஆறியிருக்கும். அப்புறம் எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். வேலையை விட்டுட்டு மதுரைக்குப் போறேன் என்பீர்கள். “காயட்டும் மச்சான்” என்பேன். சாப்பிட்டு வந்தால் மதுரை மறந்திருக்கும்.

சோகமான நாளுக்குத்தான் நானும் அக்காவும் பயந்தோம். வினை வந்ததோ சந்தோஷமான நாளில். பெரிய ஆர்டர் பழுதில்லாமல் போயிருந்தது. எல்லார் முன்னாலும் முதலாளி உங்களைப் புகழ்ந்தார். அப்போதுதான் பைண்டிங்கில் இருந்த பழைய கூட்டாளி மாத்திரைப் பொட்டலம் ஒன்றை நீட்டினான்.

“ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. நீங்கதான் அத ஜெயிச்சிட்டீகளே!”

சிரித்துக்கொண்டே வாங்கினீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததாக நான் ஊரெல்லாம் சொல்லும் கதை இது: தாயில்பட்டிப் புஸ்வாணம் ஒன்றில் அந்த மாத்திரையைப் போட்டுப் பற்றவைத்தீர்கள். அது விருதுநகர் ஸ்டேஷன் வரை வெளிச்சம் அடித்தது. ரயில், சிக்னல் என்று நினைத்துக் கிளம்பிப் போய்விட்டது.

பஸ், கோழி, ரயில் எல்லாம் என் கைச்சரக்குதான் மச்சான். சின்னதாக ஒன்று மட்டும் நிஜம். நீங்கள் அந்த மாத்திரையை என் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினீர்கள்.

“ரொம்பச் சந்தோசமா இருக்கேம்ல மாப்ள. இப்ப நான் சொல்றத நம்பாத. சாப்ட்டு வந்து கேக்கேன். அப்பவும் வேணும்னா குடு.”

நான் சாப்பிடப் போகவில்லை. தாள் கட்டின் மேல் மூடிய கையோடு உட்கார்ந்திருந்தேன். வந்தீர்கள். கொடியைப் பார்த்தீர்கள். “சிவப்பு கொஞ்சம் கொறஞ்சுபோச்சு” என்றீர்கள். மெஷினை ஓட்டப் போனீர்கள். கேட்கவே இல்லை. கையைத் திறந்தபோது அது வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

இப்போதும் யாராவது நல்ல சேதி சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் நான் எதற்காவது உடனே ‘சரி’ என்று வாயைத் திறந்தால், வலது கை தானாக மூடிக்கொள்கிறது.