விமானிகள் தேவையாம், அம்மா

அம்மா,

இன்று காலை கைப்பேசியைத் திறந்ததும் ஒரு விளம்பரம். விமானிகள் தேவையாம். நான் முன்பு விமானம் ஓட்டிய அதே கம்பெனி. கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது இந்தத் தைரியம்? உடனே உன்னிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. நீ போய் ஒரு வருஷமாகிறது, இன்னும் ஆத்திரம் வந்தால் உன்னைத்தான் தேடுகிறேன்.

ஆள் பிடிப்பது பற்றி உனக்குத் தெரியாததா? பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தையல் வேலை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர் நீ. நல்ல டெய்லர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் ஸ்கூட்டியிலேயே சோமனூர் வரைக்கும் போவாய். அவர் வீட்டில் டீ குடித்து, அட்வான்ஸைக் கையில் கொடுத்து, திங்கட்கிழமை வரச்சொல்லிவிட்டுத் திரும்புவாய். அதனால்தான், பயிற்சிக்கென்று பல லட்சம் கட்டினால்தான் அந்தக் கம்பெனியில் விமானியாகச் சேர முடியும் என்று நான் சொன்னபோது நீ நம்பவே இல்லை.

"நல்லாக் கேட்டயா கண்ணு? அவிங்க நமக்குத் தர்றதா இருக்கும்."

இல்லை, நாம்தான் தர வேண்டும் என்றேன். "வேலை செய்யறதுக்கு நாம காசு குடுக்கோணுமா? ஒலகத்துல எங்காச்சும் உண்டா இது!" என்று வாயைப் பிளந்தாய். ஆனாலும் காங்கயம் ரோட்டு வீட்டுமனையை விற்றுக் கட்டினாய்.

கொஞ்ச காலம் சம்பளம் ஒழுங்காக வந்தது. பிறகு பாதியாக வந்தது, பிறகு நின்றே போனது. சின்ன ஊர்களுக்குப் பறக்கும் சின்ன விமானங்கள், இருந்ததே சில, அவற்றிலும் பாதி பழுதாகி நின்றன. உன்னிடம் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. நம் ஊரில் சனிக்கிழமை சம்பளம் போடாவிட்டால் திங்கட்கிழமை ஒரு மிஷின் ஓடாது. "சம்பளமில்லாம எப்படிக் கண்ணு வண்டியக் கெளப்பறீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய்.

நேரில் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, ஒருநாள் என் விமானத்திலேயே ஏறி வந்தாய். கோயம்புத்தூரில் இறங்கியதும் கம்பெனி மேனேஜரை வழிமறித்தாய்.

"ஏனுங்க சார், வண்டி நெறையச் சனமிருக்குதுங்க. அத்தன பேரும் காசு குடுத்துத்தானுங்க ஏறுனாங்க? எம்புள்ளைக்கு ஏனுங்க சம்பளம் போடலீங்க?"

எனக்கு மானம் போயிற்று. அந்த மனிதர் போன் வந்ததுபோல் நழுவினார். பின்னால் வந்த எங்கள் கேப்டன், தலையெல்லாம் நரைத்தவர், மெதுவாகச் சொன்னார்: "அம்மா, எனக்கும் சேர்த்துக் கேளுங்க."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவளைத்தான் ஏய்க்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தாய். உன் முகம் வெளுத்துப்போனது. வீட்டுக்கு வந்த பிறகு, "வீட்டுக் கடனை நெனச்சுட்டே அத்தன உசுரத் தூக்கிட்டுப் போறீங்களே! வேண்டாஞ்சாமி, வேலைய விட்டு நின்னுக்க" என்றாய். உன் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

மறுநாளே ராஜினாமா கொடுத்தேன். ஆறு மாதம் நோட்டீஸாம். அதுவரை ஓட்டாவிட்டால் தடையில்லாச் சான்று தர மாட்டார்கள், அது இல்லாமல் வேறு கம்பெனி சேர்க்காது. "சம்பளம் போடாதவனுக்கு நோட்டீஸ் வேறயா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய்.

நோட்டீஸ் முடிவதற்குள் உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனில் லீவு கேட்டேன். எல்லோரும் விலகுகிறார்கள், மாற்று ஆள் இல்லை என்றார்கள். நீ கேட்டுக்கொண்டே படுத்திருந்தாய்.

"சம்பளமில்லாத வேலைக்கு லீவும் இல்லயா கண்ணு?"

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதால் கிளம்பினேன். தரையிறங்கிக் கைப்பேசியை ஆன் செய்தபோது, உனக்குத் துணையிருந்த மாமாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பயணிகள் எல்லோரும் இறங்கும்வரை இருக்கையை விட்டு எழவில்லை.

இப்போது வேறு கம்பெனியில் ஓட்டுகிறேன், அம்மா. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது. உன்னை விட்டுவிட்டுப் போய் நான் வேலை பார்த்தேனே, அந்த ஒரு நாளுக்குப் பழைய கம்பெனிக்காரர்கள் இன்னும் சம்பளம் போடவில்லை.