சார்ந்தவர் நடத்திய வரலாற்று வகுப்பு

4 மார்ச் 2025, செவ்வாய்

இன்று அமெரிக்காவைக் கண்டுபிடித்தோம். பெரிய காஞ்சிபுரத்தில், அண்ணன் வீட்டு மாடியில், மாலை நான்கு மணிக்கு, நோன்பு வாயோடு.

மாணவி ஒருத்தி: என் மகள் சாய்மா, ஒன்பது வயது, பிறப்பால் அமெரிக்கக் குடிமகள். ஆசிரியர் நான். அந்த நாட்டு விசாவில் என் பதவியின் பெயர் 'சார்ந்தவர்'. மனைவியைச் சார்ந்தவர் என்று பொருள். பொய்யில்லை.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மூன்றே வாரம் என்று டிசம்பரில் நாங்கள் இருவர் மட்டும் வந்தோம். ஜனவரி ஆறாம் தேதி விசாவைப் புதுப்பிக்க அமெரிக்கத் தூதரகத்தில் கொடுத்த என் பாஸ்போர்ட் இன்னும் 'கூடுதல் பரிசீலனை'யில் இருக்கிறது. மனைவி நாஸியா ஒஹாயோவில், லீவு கிடைக்காமல். பள்ளிக்கூடத்தில் சிக்கல் வரக்கூடாதென்று, பிள்ளை வீட்டிலேயே படிக்கிறாள் என எழுதிக் கொடுத்துவிட்டு, எட்டுப் படக்கதைப் புத்தகங்களைக் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். அமெரிக்காவின் ஆரம்ப வரலாறு, பக்கத்துக்கு ஆறு கட்டம்.

சாய்மாவின் தமிழும் வளரட்டும் என்று பேச்சுக் குமிழ்களின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டேன். அவள் அதில் தமிழில் எழுத வேண்டும். கொலம்பஸ் கரையைப் பார்த்து, "இந்தியா வந்துட்ச்சுபா!" என்கிறான். மிளகு தேடிப் புறப்பட்டு வழி தவறியவன். நான் திருத்தவில்லை.

6 மார்ச்

ஜஹனாரா அண்ணி மாடிக்கு வந்து பார்த்தார்.

"பொம்மை புக்கு பாத்துக்கினே இருந்தா புள்ள எப்டி தம்பி உருப்படும்? அடுத்த தெருவுல ஸ்கூலு இருக்குது. சேத்துடுங்க."

சேர்க்கலாம். சேர்த்தால், இனி போகப்போவதில்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

13 மார்ச்

இங்கிலாந்திலிருந்து குடியேறப் போனவர்களின் மேஃபிளவர் கப்பல் கடலைக் கடக்க அறுபத்தாறு நாள். என் பாஸ்போர்ட் உள்ளே போய் இன்றோடு அறுபத்தாறு நாள். கப்பல் கரை கண்டுவிட்டது.

"இவங்ககிட்ட யாரு டாடி பேப்பர் கேட்டாங்க?"

"அங்க ஏற்கெனவே இருந்தவங்களுக்குக் கேக்கத் தெரியலம்மா."

19 மார்ச்

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினோம். நோன்பு திறந்த பிறகு கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த உஸ்மான் அண்ணன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜரிகை வியாபாரி.

"வரி ஏறுச்சுன்னா ரேட்ட ஏத்தணும். சரக்க எவனாச்சும் தண்ணில போடுவானா? தொழில் தெரியாத பசங்கபா."

சாய்மா அதை அப்படியே ஒரு குமிழில் எழுதிவிட்டாள், ஒரு வெள்ளைக்காரத் துரையின் வாயில். துரைக்குப் பொருந்தித்தான் இருந்தது.

26 மார்ச்

பரிசீலனையில் உள்ளது.

31 மார்ச், பெருநாள்

நாஸியாவுக்கு அங்கே நேற்றே பெருநாள் முடிந்துவிட்டது. தனியாக. காலையில் வீடியோவில் சாய்மாவின் புதுத் துணியைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள். பிறகு அவளைக் கீழே அனுப்பச் சொன்னாள்.

"அவள மட்டுமாச்சும் அனுப்பிடுங்க. எங்க ஆபீஸ் பிரேம்நாத்தும் அவர் ஒய்ஃபும் சென்னைக்கு வந்திருக்காங்க. இருபதாந்தேதி திரும்பறாங்க. கேட்டேன், கூட்டிக்கினு வர்றேன்னாங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே."

"எத்தன நாள்னு சொல்லுங்க. பாக்கறேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருக்குது. இல்லன்னா சண்டையாச்சும் போட்டிருப்பேன். யார்கிட்டப் போயி என்னன்னு கேக்கறது? தினமும் காலைல அந்த வெப்சைட்டத் தொறக்கறேன். ஒரே வரி. ஒரு எழுத்துகூட மாறல — நான் என்ன செஞ்சேன்? எதுவும் செய்யல. எதுவும் செய்யாதத எப்படி நிரூபிக்கறது?

9 ஏப்ரல்

தாயிடம் போக மகளை அனுமதிக்கிறேன் என்று தந்தை தரும் சம்மதக் கடிதம். நோட்டரி வக்கீல் காசிநாதன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மனசாரத்தானே சார்?"

"அப்படித்தான் டைப் பண்ணியிருக்கு சார்."

நான்கு மாதத்தில் என் கையெழுத்தால் நடந்த ஒரே காரியம் இது. மாலை வகுப்பில் சுதந்திரப் பிரகடனம். ஐம்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்றேன். "யாராச்சும் போடமாட்டேன்னாங்களா?" என்று கேட்டாள். ஆசிரியருக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

17 ஏப்ரல்

சாய்மாவிடம் சொன்னேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். கால் மட்டும் குதித்தது.

"நீங்க எப்போ வருவீங்க?"

"பின்னாலயே."

பத்தே நிமிடத்தில் பெட்டி கட்டிவிட்டாள். எட்டாவது புத்தகம் பாக்கி இருக்கிறது, அரசியல் சட்டம் எழுதிய கதை. "நான் அங்க போய் ஃபில் பண்றேன் டாடி. போன்ல படிச்சுக் காட்டறேன். நீங்க கரெக்ட் பண்ணுங்க." சரி என்றேன். அவள் தூங்கும் பாயில் மதியம் நானும் கொஞ்சம் படுத்திருந்தேன்.

20 ஏப்ரல்

ஏறிவிட்டாள். அவளுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று பிரேம்நாத் போனில் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

2 மே

அண்ணி இப்போதெல்லாம் ஸ்கூல் பேச்சை எடுப்பதில்லை.

8 மே, வியாழன்

காலை ஆறு மணிக்குப் போன். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம். பின்னால் நாஸியா பாத்திரம் கழுவும் சத்தம்.

"டாடி, எய்த் புக்ல ஒரு டவுட்டு. வீ த பீப்பிள்னு பெருசா வருது. நாம-வா, நாங்க-வா? இங்லீஷ்ல ஒண்ணுதான் இருக்கு."

நல்ல கேள்வி. பாராட்டினேன். விதியைச் சொன்னேன்.

"கேக்கறவங்களும் அந்தக் கூட்டத்துல இருந்தா நாம. இல்லன்னா நாங்க."

யோசித்தாள். பாத்திரச் சத்தம் நின்றது.

"இத நான் உங்களுக்குத்தானே படிச்சுக் காட்டப்போறேன்?"

"ஆமாம்மா."

"அப்போ?"

"நாங்க-ன்னு எழுது."

எழுதிப் படம் அனுப்பினாள். பிழை இல்லை.