பெயரில்லாத பெயர்ப்பலகை

அன்பு வாயாடிக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அம்மா கவர்னராகியும் அவள் முழங்கால் மட்டும் கவர்னர் உத்தரவுக்கும் கட்டுப்பட மாட்டேன் என்கிறது. காலையில் நிமிர்ந்து நின்று அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டு வந்தவள், அறைக் கதவைச் சாத்தியதும் செருப்பை உதறிவிட்டு, தைலத்தை எங்க வச்சீங்க என்று என்னைத்தான் கேட்கிறாள். இந்த மாளிகையில் எனக்கு வேறு வேலையும் கிடையாது. டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனால் சமையல்காரர் பதறிப்போய், ஐயா நீங்க போய் உக்காருங்க, நான் கொண்டு வர்றேன் என்கிறார். முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரயில்களுக்குக் கொடி காட்டியவனை இப்போது எல்லோரும் மேடம் வீட்டுக்காரர் என்கிறார்கள். வெளியே முறைத்துக்கொள்கிறேனே தவிர, உள்ளூர எனக்கு உச்சி குளிர்ந்துதான் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அம்மா வெளியூர்ப் பயணத்தில் இருந்தபோது பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்னைப் பார்க்க வந்தார். குடிநீர் வாரியத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, அதே வாரியத்தின் முதல் பெண் தலைமைப் பொறியாளராகி, வெள்ளத்தில் பெரிய குழாய் உடைந்தபோது பதினோரு நாள் சேற்றில் நின்று ஊருக்குத் தண்ணீர் கொடுத்ததற்குப் பதக்கம் வாங்கி, அமைச்சராகவும் இருந்துவிட்டு வந்த கவர்னருக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்காவிட்டால் எங்களுக்குத்தான் அவமானம் என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. முடிவெட்டுபவரிடம் சொன்னேன், தோட்டக்காரரிடம் சொன்னேன், பட்டமளிப்பு விழாவுக்கென்று கோட்டுக்கு அளவு கொடுத்தேன். அதோடு நின்றேனா? நம் சொந்த வீட்டு வாசலில் மாட்ட, முனைவர் என்று போட்டு அம்மா பெயரைப் பொறித்துத் தரச் சொல்லி, பித்தளைப் பலகை ஒன்றுக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா ஊர் திரும்பியதும் கோப்பு அவள் மேஜைக்கே வந்தது. பல்கலைக்கழக வேந்தர் கவர்னர்தானே, அவள் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் பட்டம் கிடையாது. அவளுக்கு அவளே பட்டம் கொடுத்துக்கொள்ள வேண்டும், வேடிக்கையைப் பார்! படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாளாம், செயலாளர் சொன்னார். பிறகு ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள். "இந்தப் பட்டத்துக்கான வேலையை நான் முடிக்கவில்லை."

மூன்று நாள் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் சொல்லிட்டேனே, வாங்கிக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும் என்று கத்தினேன். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடியே, நாலு அத்தியாயத்துக்கு யாராவது டாக்டர் பட்டம் குடுப்பாங்களா என்றாள்.

இந்தக் கதை உனக்குத் தெரியாது, சொல்ல எனக்கு முகம் இல்லாததால்தான் சொல்லவில்லை. உனக்கு இரண்டு வயது இருக்கும்போது அம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மண்ணுக்குள் கிடக்கும் பழைய இரும்புக் குழாய் எங்கே கசிகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி என்று. ஆறு அத்தியாயத்தில் நான்கு முடிந்திருந்தது. அப்போதுதான் என்னைத் தூரத்து ஜங்ஷனுக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம் நான் தனியாக இருந்திருக்கலாம், எனக்கென்ன சமைக்கத் தெரியாதா, துவைக்கத் தெரியாதா? ஆனால் ஆராய்ச்சி எங்க ஓடிடப் போகுது, அப்புறம் பாத்துக்கலாம் என்றேன். அவள் காகிதங்களைக் கட்டி வைத்துவிட்டு என்னோடு வந்தாள். அந்த ஊரில்தான் வாரிய வேலையில் சேர்ந்தாள். நல்லதாப் போச்சு பாத்தியா என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. இந்தப் பட்டம் வந்தால் என் தப்பு கழுவப்பட்டுவிடும் என்று நினைத்தேன், அவள் தன் கையெழுத்தைப் போட்டு அதற்கு உதவ மறுத்துவிட்டாள். கோபம் தணிந்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் வாங்கிய எல்லாப் பதக்கங்களையும்விட, வேண்டாம் என்று எழுதிய அந்த ஒரு வரியைத்தான் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் போலிருக்கிறது.

இப்போது உன் கடிதம். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை, அதனால் இன்னும் ஒரு வருஷத்தில் முடியப்போகிற ஆராய்ச்சியை நிறுத்தி வைக்கிறேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அப்பா என்று எழுதியிருக்கிறாய். அது என் வார்த்தை, உனக்கு எதற்கு? இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு. மாமனார் சொல்லிக்கொடுக்கிறார் என்று அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சாக்கு சொல்லாதே, இங்கே ஒருவன் டீ போடக்கூட அனுமதி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அடுத்த மாதமே கிளம்பி வருகிறேன். கவர்னரிடம் அனுமதி வாங்கியாயிற்று, போயிட்டு வாங்க, இந்தத் தடவையாவது சரியா கொடி காட்டுங்க என்றாள்.

பேரனுக்கு என் முத்தம். நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று. எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன் பக்கம்.

மறந்துவிட்டேனே, பித்தளைப் பலகை என் பெட்டியில் இருக்கிறது. நான் ஓடிப்போய் நிறுத்தச் சொல்வதற்குள் கடைக்காரர் முனைவர் என்ற ஒரு சொல்லை மட்டும் பொறித்து முடித்திருந்தார். கீழே இடம் காலியாக இருக்கிறது. உன் பெயர் சின்னதுதான், தாராளமாகக் கொள்ளும்.

இப்படிக்கு,
கவர்னரின் வீட்டுக்காரர்,
உன் அப்பா