எத்தனை கிலோமீட்டர்?

அன்புள்ள அப்பா,

கோபமாகத்தான் எழுதுகிறேன்.

பஞ்சரானாலும் ஓடும் டயர் என்று நீங்கள் வடிவமைத்ததை நம் காரில் மாட்டினீர்கள். இனி எதற்கு என்று ஸ்டெப்னியைக் கழற்றிக் கொண்டுபோனீர்கள். காற்று குறைந்தால் எரியும் விளக்கு சும்மா சும்மா எரிகிறதென்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினீர்கள். டயர் தன் வேலையைச் செய்தது. பஞ்சரானதே காரை ஓட்டிய அம்மாவுக்கும் எனக்கும் தெரியவில்லை. நேற்று என் பேச்சுப் போட்டிக்குப் போகும் வழியில், காற்றில்லாமலே ஓடி ஓடி அது கிழிந்து, கார் தடுப்புச் சுவரில் உரசி நின்றது.

அம்மா உங்கள் கம்பெனிக்குப் போன் செய்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "பஞ்சருக்கு அப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு?"

"உயிரோடதான் இருக்கோம். விசாரிச்சதுக்கு ரொம்ப நன்றி!" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஏனென்று நான் கேட்கவில்லை.

மெக்கானிக் காரின் கணினியைப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னார். என் கணக்கு நோட்டில் இருக்கிறது. போனில் சொல்ல மாட்டேன். இதைப் படித்ததும் வீட்டுக்குக் கிளம்பி வாருங்கள். அம்மாவிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேளுங்கள். அப்புறம் நோட்டைத் தருகிறேன்.

டேப்பை உரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
சுவரில் உரசிய பக்கம் உட்கார்ந்திருந்த
உங்கள் மகள்