சிவப்புக் குறி போட்ட பேரீச்சை

ஃபயூம்
9 மே 1998, சனிக்கிழமை

மதிப்புக்குரிய கரீமாவின் அப்பா ஷஹாத்தா அவர்களுக்கு,

வஹீபாவின் சலாம். இங்கே எல்லோரும் நலம். உங்களைப் பார்க்காதது தவிர வேறு குறை இல்லை. கரீமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. எருமை பெண் கன்று போட்டிருக்கிறது.

குவைத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தைத் திங்களன்று உங்கள் அண்ணன் அவதல்லா முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கப் படித்தார். வாய்க்கால் ஓரத்துப் பேரீச்சையை வெட்டச் சம்மதம் என்றும், இதில் பெண்களைக் கேட்க ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்குச் சொன்னது ஒன்று, நடந்தது வேறு. நடந்ததை எழுதுகிறேன்.

ஏப்ரல் நடுவில் தங்கையின் பிரசவத்துக்காக நான் பெனி சுவைஃப் போயிருந்தேன். அப்போது விவசாயச் சங்கத்து இன்ஜினியர் துல்பா தோட்டத்துக்கு வந்திருக்கிறார். அந்த மரத்தில் ஆள் உயரத்தில் ஒரு பொந்து. அதன் கீழே பழுப்பாக ஒழுகிய கறை. கிட்டே போனால் அழுகல் நாற்றம். காதை வைத்தால் உள்ளே புஸ்புஸ் என்று சத்தம். சிவப்புக் கூன்வண்டு குடைகிறது என்று முடிவு செய்து, சிவப்புச் சாயத்தால் குறி போட்டு, வெட்டி எரிக்க உத்தரவு எழுதிவிட்டார்.

அது கொண்டலாத்தியின் கூடு. மார்ச் கடைசியிலிருந்து நான் பார்த்து வருகிறேன். பூனையும் பாம்பும் அண்டாமல் இருக்கத் தாய்ப்பறவை தன் இறகில் ஒரு நாற்ற நெய்யைப் பூசிக்கொள்ளும். கறை அதன் எச்சம். சத்தம், தாயும் குஞ்சுகளும் சீறுவது. கரீமாவின் பழைய நோட்டில் குறித்திருக்கிறேன்: ஏப்ரல் 26 அன்று விடிந்ததிலிருந்து நண்பகல் பாங்கு வரை அறுபத்துமூன்று முறை இரை வந்தது. அதில் பதினேழு பிள்ளைப்பூச்சி. போன வருடம் நம் வெண்டையின் வேரைக் கத்தரித்துப் போட்டவை அவைதான். இந்த வருடம் ஒரு செடிகூடச் சாயவில்லை.

இதை உங்கள் அண்ணனிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தேநீர் கேட்டார்.

வியாழன் காலை ரம்பத்தோடு வந்தார்கள். நான் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"ஒதுங்கும்மா, ஊரே சிரிக்குது. குருவிக்கு வக்காலத்து வாங்குற பொம்பளைய நான் பாத்ததே இல்ல" என்றார் அண்ணன்.

"இப்பப் பாத்துக்கோங்க அண்ணே" என்றேன்.

முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பொந்துக்குள் அடித்தேன். இன்ஜினியர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஐந்து அலகுகள். ஒரு குஞ்சு பின்பக்கத்தைத் திருப்பி அவர் சட்டையில் பீய்ச்சியது. மரம் வெட்ட வந்த கபல்லா தரையில் உட்கார்ந்து சிரித்தார். "சார், இந்த வண்டுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். பிறகு ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார். "சுலைமான் நபிக்குச் சேதி கொண்டுவந்த பறவை. அது இருக்கிற மரத்துல நான் கை வைக்கமாட்டேன். உங்க காகிதத்த வெச்சே வெட்டிக்கோங்க."

இன்ஜினியர் நல்ல மனிதர்தான். தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். ஆனால், "சொந்தக்காரர் சம்மதம் ஃபைல்ல ஏறிடுச்சும்மா. அவரே எழுதி வாபஸ் வாங்கணும். இருபத்திமூணாம் தேதி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

உங்களுக்கு எழுதச் சொன்னேன். அண்ணன் மறுத்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்றினால் வீட்டு ஆண்களுக்குக் கௌரவக் குறைவாம். குஞ்சுகள் ஒரு வாரத்தில் பறந்துவிடும், அப்புறம் வெட்டினால் உனக்கென்ன என்று இப்போது சமாதானம் பேசுகிறார். பறந்த பிறகும் அது நோயில்லாத மரம்தான். விடமாட்டேன். கபல்லா வராவிட்டால் வேறு ஆள் வருவான். யார் வந்தாலும் நான் அங்கேதான் நிற்பேன்.

ஆறு வருடமாக இந்தத் தோட்டத்தில் எது காய்க்கிறது, எது சீக்கு என்று பார்ப்பவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதைக் கொண்டுவரும் ஜாரிஹி பதினோரு நாளில் ஊர் திரும்புகிறார். அவர் கையில் இரண்டு வரி கொடுத்தனுப்புங்கள்: மரம் நலம், வெட்டச் சம்மதம் இல்லை. உறையில் அண்ணன் பெயர் வேண்டாம். என் பெயரை எழுதுங்கள்.

குவைத் வெயிலில் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு நிழல் இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். கடிதம் வராவிட்டாலும் மரம் நிற்கும். வந்தால் நம் மரமாக நிற்கும்.

வஹீபா