படை என்று சொன்னார்கள்

அக்கா,

இன்று மாலை பெருங்களத்தூரில் பஸ்ஸுக்காக நின்றபோது பக்கத்திலிருந்த பெண் கைப்பையிலிருந்து படைக்குப் போடும் க்ரீமை எடுத்து முழங்கையில் தேய்த்தாள். இனிப்பும் மருந்தும் கலந்த அந்த வாடை ஏறியதும் எனக்குக் குமட்டியது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன். நீங்கள் போன பிறகும் அந்த வாடை எனக்குச் சேரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி உங்களுடையது. நீங்கள் கணக்கு, நான் தமிழ். ஒரு மத்தியான இடைவேளையில் என்னைப் பாத்ரூமுக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினீர்கள். உள்ளாடை வலது முலைக்காம்போடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீரால் நனைத்து நனைத்துப் பிரித்தோம். சிவந்த தோலில் பொருக்குத் தட்டி, மஞ்சளாய் நீர் கசிந்தது.

"அரிப்புதான்டி. மெடிக்கல்ல க்ரீம் குடுத்தாங்க" என்றீர்கள். எந்த இடம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, அக்குளில் அரிப்பு என்று சொல்லி வாங்கியிருந்தீர்கள். போட்டால் கொஞ்சம் அடங்கும். நிறுத்தினால் மறுபடியும் பொருக்கு. மாதக்கணக்கில் அப்படியே ஓடியிருந்தது.

பொழிச்சலூரில் உங்கள் வீட்டருகே இருந்த டாக்டர், புடவையை விலக்கக்கூடச் சொல்லாமல், படை, ஒட்டிக்கொள்ளும், சோப்பை மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. உங்கள் கணவர் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். கூடவே இருந்த அவருடைய தங்கை உங்கள் துணிகளுக்குத் தனி பக்கெட் வைத்தாள். உங்கள் தட்டு மட்டும் பின்பக்கக் குழாயடிக்குப் போனது. ஒருநாள் நீங்கள் சோறு போடப் போனபோது அவர் தட்டை இழுத்துக்கொண்டு, "நீ போடாத. பாத்தாலே குமட்டுது" என்றாராம்.

உங்கள் புண்ணை என் விரலால் தொட்டிருக்கிறேன், அக்கா. எனக்கு எதுவும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது குழாயடியில் சோப்புத் தண்ணீருக்கு நடுவில் கிடந்த உங்கள் தட்டைப் பார்த்தேன். வயிற்றைப் பிரட்டியது அப்போதுதான்.

தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டர் அம்மாவிடம் உங்களைக் கூட்டிப்போனேன். அவர் இரண்டு மார்பையும் அக்குளையும் கையால் அழுத்திப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும்தானா, காம்பில் தொடங்கி வெளியே பரவியதா என்று கேட்டார்.

"க்ரீமை நிறுத்திடுங்க. எக்சிமாங்கற சாதாரணத் தோல் அரிப்பு மாதிரி தெரியல. சின்னத் துண்டு தோல் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

பேஜட் நோய் என்று முடிவு வந்தது. முலைக்காம்புத் தோலில் வரும் புற்றுநோய். உள்ளே ஒரு கட்டியும் இருந்தது. மார்பை எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள். ஒட்டாத நோய் என்று தெரிந்ததும் உங்கள் நாத்தனார் அந்தத் தட்டைக் கழுவிச் சமையலறை அலமாரியில் மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள். நீங்கள் அதை எடுத்துத் திரும்பவும் குழாயடியில் வைத்தீர்கள். "இது இங்கியே இருக்கட்டும்" என்றீர்களாம். கடைசிவரை அதில்தான் சாப்பிட்டீர்கள்.

மறுபடி வேலைக்கு வந்த வருஷம், சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து, முலைக்காம்பில் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்றீர்கள். எல்லாரும் மடியிலிருந்த பைபிளைப் பார்த்தார்கள். இதையெல்லாம் இங்கே பேசணுமா என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"கடையில அக்குள்னு சொன்னவ நான். அதனாலதான் இங்க பேசறேன்" என்றீர்கள்.

பிறகு அந்த நோய் ஈரலில் வந்தது. உங்கள் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று உங்கள் கணவர் வந்தவர்களின் கையைப் பிடித்து, கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் கையை நீட்டினார். நான் என் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தக் கை நினைவுக்கு வந்தால் அருவருப்பாகத்தான் இருக்கிறது. மன்னிக்கச் சொல்வீர்கள். முடியவில்லை, அக்கா.

போன மாதம் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் லிஃப்ட் அருகே என்னை நிறுத்தினாள். ஒரு இடத்தில் அரிப்பு, ஆறவே மாட்டேங்குது என்றாள். எந்த இடம் என்று சொல்லாமல் நின்றாள்.

"முலைக்காம்புலயா?" என்றேன்.

அவள் கண் நிறைந்தது. மறுநாள் காலையே அதே டாக்டரிடம் போனோம். டெஸ்ட் முடிவு வந்தபோது அவளுக்கு எக்சிமாதான் என்றார்கள். மருந்துக்கு ஆறிவருகிறது.