கேட் வளைவில் உதறிய நீல வண்டி

என் செல்லக் கிறுக்கன் குமரேசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் வண்டிக்கு நீ ஆர்டர் போட்டிருந்த சக்கர ரிம் நான்கும் போன சனிக்கிழமை ஏறிவிட்டன. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ முதலில் கேட்பதும் இதைத்தான். அம்மாவின் மூட்டுவலி, அக்கா சாப்பிட்டாளா என்பதெல்லாம் உனக்கு எப்போதும் அப்புறம்தானே.

செம்பு நிறம். நீல வண்டிக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல மட்டும் நான் உட்காரவில்லை. எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது, தம்பி. மற்றவர்களிடம் சொன்னால் ஒன்று சிரிப்பார்கள், இல்லை ஐயோ பாவம் என்று தோளைத் தட்டுவார்கள். உன்னிடம் சொன்னால் இரண்டும் நடக்காது.

நீ எப்படிப் போனாய் என்று கேட்கிறவர்கள் உன் வண்டியைப் பார்த்ததும் தாங்களே பதிலை முடிவு செய்துவிடுகிறார்கள். தரையை உரசுகிற அளவுக்கு இறக்கிய வண்டி, பின்னால் மிலோ டின் பருமனில் புகைக்குழாய். "ரொம்ப ஸ்பீடா போனாரா?" என்று கேட்கிறார்கள். டெங்கிக் காய்ச்சல் என்றால் ஏமாந்த மாதிரி பார்க்கிறார்கள். உன் வண்டி உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று எத்தனை பேரிடம் அதற்காக வாதாடியிருக்கிறேன் தெரியுமா? நீ இருந்த காலத்தில் அதைப் பற்றி ஒரு நாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை நான்.

இப்போது அதை ஓட்டுவதும் நான்தான். என் பழைய கார் ஒரு மழையில் கிள்ளானில் தண்ணீர் புகுந்து நின்றுபோனது. காப்பாரிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக் வேலைக்கு எட்டரைக்குள் போயாக வேண்டும். வாசலில் உன் வண்டி சும்மா நின்றது. சாவியை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறி இறங்குகிறேன். சிக்னலில் மோட்டார்சைக்கிள்காரர்கள் பக்கத்தில் வந்து உறுமிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், கொண்டை போட்ட ஓர் அக்கா சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான்கு மாதம் இருக்கும், மின்நிலையத்துப் பக்கம் ஓர் ஆணி ஏறி முன்பக்க டயர் ஒன்று கிழிந்துபோனது. சாலையோரக் கடையில் அதே அளவில் புது டயர் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். கெட்டது ஒன்று, மாற்றியதும் ஒன்று. இதில் என்ன யோசிக்க இருக்கிறது? உன்னைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். கேட்க நீ இல்லை.

அன்றிலிருந்துதான் அது ஆரம்பித்தது. நம் வீட்டு கேட் வளைவு உனக்குத் தெரியும், ஸ்டீரிங்கைக் கடைசிவரை ஒடித்தால்தான் வண்டி உள்ளே வரும். அங்கே திருப்பும்போது வண்டி அடியிலிருந்து கடகடவென்று உதறியது. யாரோ காலை ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்பது போல இருந்தது. நேராக ஓட்டினால் ஒன்றும் இல்லை. நம் கேட்டில் மட்டும்தான்.

அப்போது பக்கத்து சீட்டில் அம்மா இருந்தார். பயப்படவில்லை. டேஷ்போர்டில் கையை வைத்து, "என்னாய்யா, அக்கா ஓட்டுறது புடிக்கலையா ஒனக்கு?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் டேஷ்போர்டில் விபூதி பூசியிருந்தது. வெள்ளிக்கிழமை நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். ஏற்றினேன், திருப்பினேன், உதறியது. "பாத்தியா, அவன்தான்" என்றார். எலுமிச்சம்பழத்துக்கும் அடங்காத பிள்ளை என்பதில் அவருக்குப் பெருமை வேறு.

அதற்குப் பிறகு கிளினிக் முடிந்து நான் வரும் நேரம் பார்த்து முனைக் கடையில் வந்து நிற்க ஆரம்பித்தார். அங்கிருந்து வீடு எவ்வளவு தூரம்? ஏறி உட்கார்வார். கேட் வளைவில் வண்டி உதறியதும் பேசுவார். மீன் பாசாரில் நல்ல நண்டு வந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு சுபாங் ஜெயாவில் வேலை கிடைத்தது, உன் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லாம் சொல்வார். நீ போனதிலிருந்து வாயே திறக்காத அம்மா, தம்பி. நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் திருப்பத்தை இரண்டு தடவையாகப் பிரித்து, முன்னும் பின்னும் எடுத்து, நேரத்தை நீட்டிக்கூடக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்குக் காய்ச்சல் வந்த அன்று எனக்குத்தான் போன் செய்தாய். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாய். கிளினிக்கில் கூட்டம். "சாதாரண காய்ச்சல்தாண்டா, ஒரு நாள் பொறுத்துப் பாரு" என்றேன். நீ சரி என்றாய். ஒரு நாள் இரண்டு நாள் ஆனது. அக்கா சொன்னால் கேட்கிற பிள்ளையா நீ? அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டாய்?

ஒரு காலையில் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் தனியாக வண்டியை உள்ளே கொண்டு வந்தேன். வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்துக்கொண்டே, வாய்விட்டு, "எம்மேல கோவமாடா?" என்று கேட்டேன். வண்டி உதறியது. எப்போதும் உதறுகிற மாதிரிதான். ஆனாலும் என் கை ஸ்டீரிங்கிலிருந்து வெகுநேரம் வரவில்லை.

போன மாதம் முரளி வந்தான். சுபாங் ஜெயாவில் டயர் கடை வைத்திருக்கிற உன் கூட்டாளி முரளியேதான். நீ போன இரண்டாவது மாதமே ரிம் வந்துவிட்டது என்று அவன் போன் செய்திருந்தான். வருஷம் திரும்பாமல் வீட்டுக்குப் புதுசு எதுவும் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் அவன் கடையிலேயே வைத்திருந்தான். வந்தவன் வண்டியைச் சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனான். திரும்பி வந்து கேட்டில் நுழையும்போது அது உதறியது. இறங்கி, குனிந்து, நான்கு டயரையும் தடவிப் பார்த்தான்.

"அக்கா, இந்த ஒரு டயர் மட்டும் யார் மாத்துனது?"

"நான்தான். ஏன்?"

"இது நாலு சக்கரமும் சேந்து இழுக்கிற வண்டிக்கா. மூணு தேஞ்சது, ஒண்ணு புதுசு. தேஞ்சது சின்னதா இருக்கும், வேகமா சுத்தும். நாலும் ஒரே அளவா சுத்தலன்னா நடுவுல இருக்கிற கியர்பாக்ஸ் சண்ட போடும். வளையும்போது உதறுதுல்ல, அதான். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டுனீங்கன்னா உள்ள பூரா ஒடஞ்சிரும் லா."

அம்மா சமையலறையில் இருந்தார். நல்ல வேளை.

இது சரியாக நான்கு புது டயர் வேண்டும், எப்படியும் போடப்போகிறோம், நீ ஆர்டர் போட்ட ரிம்மிலேயே போட்டுவிடலாம் என்றான் முரளி. நான் நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நாளை என்றது மூன்று வாரம் ஆனது. மாற்றாவிட்டால் உன் வண்டி செத்துப்போகும். மாற்றினால் அம்மா பேசுவது நின்றுபோகும். இதை எந்தத் தராசில் வைப்பது? எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. உதறல் வெறும் டயர்தான் என்றால், அன்று காலை எனக்குக் கிடைத்தது பதிலே இல்லை. அதில் நிம்மதி வர வேண்டும். வரவில்லை, தம்பி. கோபமாகவாவது நீ அங்கே இருந்தாயே என்று தோன்றியது.

கடைசியில் வண்டியைக் காப்பாற்றுவோம் என்று முடிவெடுத்தேன். அம்மாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை. தம்பி ஆர்டர் போட்ட ரிம்மைப் பொருத்திவிடலாம் என்று மட்டும் சொன்னேன். வருஷம் திரும்பலையே என்றார். முரளி போனில், "ஆன்ட்டி, இது புதுசு இல்ல, அவன் கேட்டது, அவனுக்காகத்தான் வந்துச்சு" என்றான். அம்மா யோசித்துவிட்டு, "அவனுக்கு வர வேண்டியதுதானே, வரட்டும்" என்றார். தானும் கடைக்கு வருவேன் என்று கிளம்பிவிட்டார்.

கடையில் உன் கையெழுத்தில் ஆர்டர் தாளைக் காட்டினான் முரளி. ரிம் அகலம் எழுதியிருக்கிறாய், எவ்வளவு வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்பதை எழுதியிருக்கிறாய். டயர் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் கேட்க நான் எங்கே போவேன்? ரிம் அகலம், வண்டி தாழ்வு, டயருக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் இடமே இல்லை என்றான். ஒல்லி டயரை அகல ரிம்மில் இழுத்துப் போட்டால் எங்கும் உரசாது, பார்க்கவும் நீ விரும்புகிற மாதிரி இருக்கும். சரியான டயர் போட்டால் சக்கரத்துக்கு மேல் இருக்கிற தகட்டின் விளிம்பை உள்பக்கம் மடிக்க வேண்டும், ஸ்பிரிங்கைத் திருகி வண்டியைக் கொஞ்சம் உயர்த்தவும் வேண்டும்.

"இழுத்துப் போட்டா அழகுதான்க்கா, ஓடும்போது ரிம்ம விட்டுக் கழண்டாலும் கழண்டுக்கும். ஆனா ஆன்ட்டி ஏறுற வண்டி."

அப்படியானால் சரியான டயரையே போடு என்றேன். ஆக, உன் வண்டியை இரண்டு விரல் உயர்த்திவிட்டேன். திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்.

விளிம்பை மடிக்கச் சூட்டுக்காற்று அடித்தார்கள், பெயிண்ட் வெடிக்காமல் இருக்க. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சுடுது பாரு" என்றார். "இரும்புதான் ஆன்ட்டி" என்றான் முரளி. "தெரியும்யா. சும்மா சொன்னேன்." பிறகு பின்சீட்டில் மூன்று தடித்த ஆட்களை ஏற்றிக் குலுக்கிப் பார்த்தார்கள். எங்கும் உரசவில்லை. நான்கு டயரையும் நாடா வைத்து அளந்து காட்டினான். நான்கும் ஒரே அளவு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினேன். கேட் வந்தது. ஸ்டீரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன். வண்டி வெண்ணெய் மாதிரி உள்ளே போனது.

அம்மா டேஷ்போர்டில் கையை வைத்துக் காத்திருந்தார். நான் எஞ்சினை அணைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"என்னா மலரு, சத்தத்தையே காணோம்?"

இதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. டயர்மா, என்றேன். நான் மாற்றிய ஒற்றை டயர், தேய்ந்த மூன்று டயர், கியர்பாக்ஸ், முரளி சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப இத்தன மாசமா நான் யார்கிட்டடி பேசிக்கிட்டு இருந்தேன்?"

நான் கதவைத் திறந்து அம்மாவை இறக்கிவிட்டேன். அதைக் கேட்கத்தான் உனக்கு எழுதுகிறேன், எழுத எழுத எனக்கும் அதே சந்தேகம் வருகிறது. நான் மட்டும் இப்போது யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், குமரா?

ஞாயிறும் திங்களும் அம்மா முனைக் கடைக்கு வரவில்லை. நான் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வந்து நின்றார். ஏறி உட்கார்ந்தார். கேட்டில் வண்டி சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தபோது, முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "இன்னிக்கு மூட்டு வலி கொஞ்சம் கொறைச்சல்யா" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இறங்கிப் போய்விட்டார். உன்னிடம் சொன்னாரா, வண்டியிடம் சொன்னாரா, எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

அவர் உள்ளே போன பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி திருப்பினேன். என்மேல் கோபமா என்று அதே கேள்வியைக் கேட்டேன். அமைதி. அது இல்லை என்பதா, நீ கேட்கவே இல்லை என்பதா? இந்த முறை நான் பதிலுக்கு நிற்கவில்லை. அன்று ஒரு நாள் பொறு என்று சொன்னது தப்புடா, மன்னிச்சிரு, என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பத்து மாதமாக எனக்கு வராத வாக்கியம் அது.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். உன் வண்டியை விற்க மாட்டேன். கேட் வளைவில் எனக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் மெதுவாகத்தான் திருப்புவேன், அம்மா பேசி முடித்தால்தான் வண்டி உள்ளே போகும். பேச ஒன்றும் இல்லாத நாளில் நான் முன்னும் பின்னும் எடுத்து ஒரு சுற்று கூடுதலாகத் திருப்புகிறேன். ஏதாவது ஞாபகம் வரும் அவருக்கு.

உன் பேச்சைக் கேட்காத, தன் பேச்சை உன்னைக் கேட்கவைத்த,
உன் ஒரே அக்கா
மலர்விழி,
காப்பார்.